கணினி கேள்வி பதில்: கடைசி அப்டேட் என்றைக்கு?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆன்டிவைரஸைப் பற்றியவை. அதனால் பிரிண்டர், எக்செல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் கடைக்கும் இதே பிரச்சினையோடுதான் ஆட்கள் வருகிறார்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்ப்பது, வருமான வரிப் பாரம் நிரப்புவது, பிள்ளைகளின் பாடவேலை, எல்லாமே வீட்டில் இருக்கும் ஒரே கணினியில்தான் நடக்கின்றன. அது கெட்டால் வீடே தவித்துப் போகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகன் 2019-இல் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் கூடவே ஓர் ஆன்டிவைரஸும் வந்தது. ஒரு வருடத்தில் அது முடிந்துவிட்டது. இப்போது திறந்தவுடன் ‘உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது’ என்று சிவப்புப் பெட்டி வரும். அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன். புதுப்பிக்க நூறு வெள்ளிக்கு மேல் கேட்கிறது. கட்டலாமா?
— ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, லிந்தாங் சாலை, சுங்கை சிப்புட்

பதில்: பணம் கட்ட வேண்டாம் ஐயா. ஆனால் பெட்டியை மூடிவிட்டு வேலை பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

காலாவதியான ஆன்டிவைரஸ் உள்ள கணினியைப் பார்த்தால் எனக்கு அதிகக் கவலை வருகிறது. காரணம், உள்ளே ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் எதையும் துணிந்து திறந்துவிடுகிறோம். ஆன்டிவைரஸ் தன்னிடம் உள்ள அடையாளப் பட்டியலை வைத்துத்தான் பெரும்பாலான வைரஸ்களைக் கண்டுபிடிக்கிறது. தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகாவிடம் பல வருடத்துக்கு முந்தைய திருட்டு லாரிகளின் நம்பர் பட்டியலைக் கொடுத்து நிறுத்தினால் அவர் எதைப் பிடிப்பார்? ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் ஒவ்வொரு நாளும் 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய தீய நிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவு செய்வதாகச் சொல்கிறது. உங்கள் லேப்டாப்பில் இருப்பதற்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

நல்ல செய்தி என்னவென்றால், 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுடன் சேர்ந்தே வருகிறது. சந்தா கிடையாது, காலாவதி கிடையாது. வேறு ஓர் ஆன்டிவைரஸ் உள்ளே இருந்தால், இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இது ஒதுங்கிக்கொள்ளும். அதனால் பழையதை முதலில் வெளியேற்ற வேண்டும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்த ஆன்டிவைரஸின் பெயரைத் தேடி, அன்இன்ஸ்டால் கொடுங்கள். ‘போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்’ என்று நடுவில் கேட்கும். அசையாமல் அன்இன்ஸ்டாலையே அழுத்துங்கள். முடிந்ததும் கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். முழுதாகப் போகாமல் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் அதை நீக்குவதற்கென்றே தங்கள் தளத்தில் ஒரு சிறு கருவியை இலவசமாக வைத்திருக்கின்றன.

இனி, வாசகர்கள் எல்லாரும் செய்து பார்க்க வேண்டியது இது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடுங்கள். கேடயப் படத்தோடு வரும். உள்ளே ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’, அதற்குள் கீழே ‘ப்ரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்’. அங்கே கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அப்டேட் ஆனது என்று எழுதியிருக்கும். இன்றோ நேற்றோ என்றால் சரி. போன மாதத் தேதி என்றால் ஏதோ தடை இருக்கிறது. ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்திப் பாருங்கள். அதே பக்கத்தில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ அழுத்தி, ‘ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன்’ ஆன் என்று இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

எந்த ஆன்டிவைரஸ் நல்லது அம்மா என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். அந்தத் தேதியைப் பார்த்தீர்களா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். வீட்டு உபயோகத்துக்கு என் கணிப்பில் டிஃபெண்டரே போதும். அந்த நூறு வெள்ளியில் வெளியே செருகும் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க முடியுமா என்று பாருங்கள். குடும்பப் படங்களுக்கும் சேமநிதிப் பத்திரங்களுக்கும் ஒரு நகல் எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்.

கேள்வி: அக்கா, வீட்டு வைஃபை நன்றாக இருக்கிறது, கைப்பேசியில் எல்லாம் ஓடுகிறது. பழைய டெஸ்க்டாப்பில் மட்டும் எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்கிறது. ஆன்டிவைரஸும் அப்டேட் ஆக மாட்டேன் என்கிறது. வைரஸ்தான் தடுக்கிறதா?
— இல்லத்தரசி, பாகான் செராய்

பதில்: வைரஸ் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள் தங்கச்சி. அங்கே 2010 என்றோ 2012 என்றோ காட்டினால் உங்கள் பிரச்சினை ஒரு பட்டன் பேட்டரியில் இருக்கிறது.

நம் பக்கத்தில் சாயங்காலமானால் இடி இடிக்கிறது. மின்னல் இறங்கிவிடும் என்று பயந்து வேலை முடிந்ததும் சுவரில் பிளக்கையே பிடுங்கி வைக்கிறோம். அது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை ஓட வைப்பது மதர்போர்டில் (கணினியின் முக்கிய மின்பலகை) உள்ள ஒரு வட்டப் பேட்டரி மட்டும்தான். சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு முறை போடும்போதும் கணினி பழைய ஏதோ ஒரு தேதியிலிருந்து தொடங்கும்.

இதற்கும் ஆன்டிவைரஸுக்கும் என்ன சம்பந்தம்? இணையத்தளங்கள் தாங்கள் அசல்தான் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கணினி தன்னை 2010-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கணக்குப் போட்டு, கதவைச் சாத்திவிடும். ஆன்டிவைரஸ் அப்டேட்டும் அதே வழியாகத்தான் வருகிறது. ஆகவே அதுவும் நின்றுவிடும். கணினியில் வேறு எந்தக் கோளாறும் இல்லாமலேயே மாதக்கணக்கில் இப்படி அப்டேட் இல்லாமல் கிடக்கும்.

பேட்டரியின் பெயர் சிஆர் 2032. கைக்கடிகாரக் கடையிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மாற்றுவது எளிது. பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுவதற்கு முன்னும் உள்ளே கை வைப்பதற்கு முன்னும் பெட்டியின் வெறும் இரும்பை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். மதர்போர்டில் இருபது சென் நாணயம் அளவுக்கு வெள்ளி நிறத்தில் ஒன்று படுத்திருக்கும். அதன் ஓரத்தில் உள்ள சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். புதியதை எழுத்தும் கூட்டல் குறியும் மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். ‘டிக்’ என்று உட்காரும். பிறகு கணினியைப் போட்டுத் தேதி, நேரத்தைச் சரிசெய்து, ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ கொடுங்கள். லேப்டாப்பாக இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம், கடையில் கொடுங்கள். பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் குப்பையில் போடுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தேதி சரியாகவே இருந்தும் அப்டேட் நின்றிருந்தால் அப்போது வைரஸைச் சந்தேகிக்கலாம். 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவிடாமல் தடுத்தது. இன்றைக்கும் அந்த உத்தியைக் கையாளும் நிரல்கள் இருக்கின்றன. அந்த நிலையில் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வெளியே ஒரு கடையில் தேர்வுத் தாளை அச்சடித்துவிட்டு வந்து பென்டிரைவைச் செருகினால், எல்லா ஃபோல்டர்களும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. கோப்புகள் போய்விட்டனவா? ஆன்டிவைரஸ் ஏன் தடுக்கவில்லை?
— ஆசிரியை, கோல கெட்டில்

பதில்: கோப்புகள் போகவில்லை டீச்சர். பெரும்பாலும் உள்ளேயே மறைக்கப்பட்டுக் கிடக்கும். அந்த ஷார்ட்கட்டுகளை மட்டும் திறக்காதீர்கள். திறந்தால்தான் வைரஸ் உங்கள் கணினிக்குள் ஏறும்.

இந்த வகை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்றால், முன்பு பென்டிரைவைச் செருகியவுடனேயே அதிலுள்ள நிரல் தானாக ஓடும். விண்டோஸ் 7-இல் மைக்ரோசாப்ட் அந்த வசதியை யூஎஸ்பிக்கு நிறுத்தியது. பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011-இல் அப்டேட் மூலம் நிறுத்தியது. கதவு மூடியதும், வைரஸ் எழுதுபவர்கள் நம்மையே கிளிக் செய்ய வைக்கும் வழிக்கு மாறினார்கள். உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில், அதே படத்தோடு ஒரு ஷார்ட்கட். அவசரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பென்டிரைவின் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் அப்டேட் தேதியைப் பார்த்துவிடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். மங்கிய நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியலாம். அப்போதும் தெரியாவிட்டால், ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். தேவையான ஆவணங்களை மட்டும் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள், அப்புறம் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

எங்கே தொற்றியது என்று கேட்டால், நாள் முழுக்க ஊர்ப் பென்டிரைவுகள் எல்லாம் ஏறி இறங்கும் கணினியில்தான். அச்சடிக்கும் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் இதைக் கவலையோடு சொல்கிறேன். என் கடையில் வாடிக்கையாளர் பென்டிரைவைத் தனியாக ஒரு கணினியில் ஸ்கேன் செய்த பிறகுதான் திறப்போம். எல்லாக் கடையும் அப்படிச் செய்யும் என்று நீங்கள் எதிர்பார்க்க முடியாது. தேர்வுத் தாள் என்பது ரகசியமான பொருள் வேறு. பள்ளியிலேயே அச்சடிக்க வழியிருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு கோப்பை மட்டும் வைத்து, வேறெதுவும் இல்லாத ஒரு பென்டிரைவைக் கடைக்கென்றே ஒதுக்குங்கள். வருடம் முழுவதும் சேர்த்த பாடத்திட்டங்கள் உள்ள பென்டிரைவ் பையை விட்டு வெளியே வர வேண்டாம்.

கேள்வி: ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் பாதுகாப்பு கூடுமா?
— வாசகர், பீடோர்

பதில்: கூடாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று பிடித்துக்கொள்ளும், கணினி இழுக்கும், சில நேரம் ஒன்றையொன்று வைரஸ் என்று நினைத்துத் தடுக்கும். ஒன்று போதும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஃபைபர் இணையம் இல்லை. என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் தம்பி லேப்டாப்பைப் பயன்படுத்துகிறான். அப்டேட் டேட்டாவைத் தின்றுவிடுகிறது என்பதால் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ போட்டு வைத்திருக்கிறோம். இது சரியா?
— செம்பனைத் தோட்ட ஊழியர், பாகாவ்

பதில்: டேட்டாவுக்கு நீங்கள் கொடுக்கும் காசு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அமைப்பைப் போட்டால் விண்டோஸ் பெரிய அப்டேட்டுகளை மட்டுமல்ல, டிஃபெண்டரின் பட்டியல் அப்டேட்டையும் பெரும்பாலும் நிறுத்திவைத்துவிடும். உங்கள் தம்பியின் லேப்டாப்பில் கடைசித் தேதியைப் பாருங்கள். பழைய தேதியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். தினமும் வரும் வைரஸ் பட்டியல், ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், சிறியது. மாறிய பகுதி மட்டும்தான் இறங்கும். மாதத்துக்கு ஒரு முறை வரும் விண்டோஸ் அப்டேட்தான் பெரியது. அது நூற்றுக்கணக்கான எம்பி, சில நேரம் அதற்கும் மேல். எனவே மீட்டர்ட் அமைப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு தரம் கேடயத்தைத் திறந்து நீங்களே ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்துங்கள். கைப்பேசியில் ஒரு பாட்டுக் காட்சி பார்க்கும் செலவுதான் பெரும்பாலும் ஆகும்.

பெரிய அப்டேட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். முன்பு பெடி என்றும் இப்போது நாடி என்றும் அழைக்கப்படும் அரசாங்க இணைய மையம் பல ஊர்களில் இருக்கிறது. உறவினர் வீட்டு வைஃபையும் ஆகும். அங்கே மீட்டர்ட் அமைப்பு இருக்காது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. நமக்கு அது புதன்கிழமை. ஆகவே அந்த வாரச் சனி, ஞாயிறில் போனால் சரியாக இருக்கும். சார்ஜரை மறக்காமல் எடுத்துப் போங்கள். பாதியில் பேட்டரி தீர்ந்தால் விண்டோஸே எழாமல் போகலாம்.

இணையமே இல்லாத கணினிக்கும் வழி உண்டு. டிஃபெண்டரின் முழுப் பட்டியலை மைக்ரோசாப்ட் தன் தளத்தில் தனிக் கோப்பாக வைத்திருக்கிறது. நூறு எம்பிக்கு மேல் வரும். வேறு கணினியில் இறக்கி, சுத்தமான பென்டிரைவில் கொண்டுவந்து இரட்டைக் கிளிக் செய்தால் போதும். மைக்ரோசாப்ட் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் அதை எடுக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் படிவம் ஐந்து மாணவன். புரோஜெக்ட்டுக்காக நண்பன் ஆபீஸும் போட்டோஷாப்பும் கொடுத்தான். ‘முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய், இந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷனில் சேர்’ என்று கூடவே எழுதியிருக்கிறது. செய்யலாமா?
— மாணவன், தெலுக் இந்தான்

பதில்: கேட்டது நல்லது தம்பி. செய்யாதே.

காவலை எடுத்துவிட்டு என்னை உள்ளே விடு என்று கேட்கும் நிரலில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, கொடுத்த நண்பனுக்கும் தெரியாது. இப்படி வரும் கிராக்குகளில் (காசு கட்டாமல் ஓட வைக்கும் திருட்டு நகல்களில்) கடவுச்சொல் திருடும் நிரல்கள் நிறைய ஒளிந்திருக்கின்றன. அவை கணினியை மெதுவாக்காது, எந்தப் பெட்டியும் காட்டாது. பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களையும், நீ ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் கணக்குகளின் குக்கீகளையும் (உள்ளே நுழைந்தவர் நீதான் என்று தளம் நினைவில் வைக்கும் அடையாளக் கோப்புகள்) அள்ளி அனுப்பிவிடும். குக்கீ கிடைத்தால் கடவுச்சொல்லே தெரியாமல் உன் மின்னஞ்சலுக்குள் ஒருவன் நுழைய முடியும். அதே கணினியில் உன் அம்மா வங்கிக் கணக்கைத் திறப்பார் என்பதை நினைத்துப் பார்.

உனக்கு வேண்டியது எல்லாம் முறைப்படியே கிடைக்கிறது. கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் உண்டு. அதில் கூகுள் டாக்ஸ், மைக்ரோசாப்ட் 365 இரண்டையும் பயன்படுத்தலாம். கடவுச்சொல் மறந்திருந்தால் வகுப்பாசிரியரிடம் கேள். இணையம் இல்லாதபோது லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, இலவசம். படத்துக்கு கிம்ப் போதும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அமைப்புகளுக்குள் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள ஃபோல்டர்களை டிஃபெண்டர் எட்டியே பார்க்காது. தினமும் அப்டேட் ஆனாலும் பார்க்காது. பலரது கணினியில் ‘சி டிரைவ்’ முழுவதுமே அங்கே சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டு பதறியிருக்கிறேன். அதைக் காலி செய்து, முழு ஸ்கேன் கொடுத்து, பிறகு வேறொரு சுத்தமான கருவியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

கேள்வி: 2024-இல் ஓர் ஆன்டிவைரஸ் அப்டேட்டால்தானே உலகம் முழுக்க விமான நிலையங்கள் நின்றுபோயின? அதைப் பார்த்து நான் விண்டோஸ் அப்டேட்டை முழுதாக நிறுத்திவிட்டேன். ஆன்டிவைரஸ் மட்டும் அப்டேட் ஆகிறது. இது போதாதா?
— வாசகர், கூலாய்

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய கோளாறான ஓர் அப்டேட் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இங்கே ஏர் ஏசியா பயணிகளும் வரிசையில் நின்றார்கள். ஆனால் அது பெரிய நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள். வீட்டுக் கணினிகளில் அது இல்லை. மைக்ரோசாப்ட் கணக்குப்படி உலகின் விண்டோஸ் கணினிகளில் பாதிக்கப்பட்டவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அது விண்டோஸ் அப்டேட்டும் அல்ல.

இன்னொரு தேதியையும் சேர்த்து எடை போடுங்கள். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாகிரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் 2,00,000-க்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லாமலேயே அது கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே வருடம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தது! அதைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்களின் கணினிகளில் ஆன்டிவைரஸ் இருந்தும், புதிய வைரஸை அது அடையாளம் காணுவதற்குள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன.

ஆன்டிவைரஸ் அப்டேட் உள்ளே வருபவனை அடையாளம் காணச் சொல்லித் தருகிறது. விண்டோஸ் அப்டேட் அவன் நுழையும் ஓட்டையை அடைக்கிறது. இரண்டும் வேண்டும். பிரௌசர் அப்டேட்டும் இதில் சேரும். கோளாறான அப்டேட் வந்துவிடுமோ என்ற பயம் தீரவில்லை என்றால், செட்டிங்ஸில் ஒரு வாரம் ‘பாஸ்’ செய்து வையுங்கள். அதற்குள் பிரச்சினை இருந்தால் செய்தியில் வந்துவிடும். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். டிஃபெண்டரில் இன்றைய தேதி காட்டுகிறதே, அப்புறம் என்ன கவலை? புதுக் கணினி வாங்கப் பணம் இல்லை.
— தனித்து வாழும் தாய், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும் உண்மைதான் அம்மா. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டிஃபெண்டர் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருக்கிறது. அதனால்தான் இன்றைய தேதி தெரிகிறது. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன ஓட்டைகளை அடைக்கும் வேலை நின்றுவிட்டது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டை அடைக்கும் அப்டேட்டுகள் கிடைக்கும். 30 அமெரிக்க டாலர் என்று போட்டிருப்பார்கள். அதைக் கட்ட வேண்டியதில்லை. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் பேக்கப் மூலம் உங்கள் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்று இருக்கும். அந்தப் பக்கத்தைத் தவிர வேறு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு? மைக்ரோசாப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ நிரலை ஓட்டி, உங்கள் கணினி விண்டோஸ் 11-க்கு ஆகுமா என்று பாருங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் 4 ஜிபி நினைவகமும் குறைந்தது வேண்டும். ஆகாது என்றால், பிள்ளையின் பாடவேலைக்கும் இணையத்துக்கும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் போதும். இலவசம், தொடர்ந்து அப்டேட் வரும், தமிழ் 99 விசைப்பலகையும் அமைத்துக்கொள்ளலாம். நல்லபடியாக ஓடும் கணினியை, ஆதரவு முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. நீங்கள் நம் ஊர்தானே, கடைக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா சமையல் குறிப்புத் தேடும்போது திரை முழுக்கச் சிவப்பாகி, ‘கணினியில் 5 வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று சத்தமாக அலறியது. அம்மா பயந்து அழைத்துவிட்டார். அவர்கள் ஏதோ ஒரு மென்பொருளைப் போடச் சொன்னார்கள். நான் வந்து துண்டித்துவிட்டேன். இனி என்ன செய்வது?
— மகள், ரவாங்

பதில்: முதலில் அம்மாவைத் திட்டாதீர்கள். அந்தத் திரை படித்தவர்களையே ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. எந்த ஆன்டிவைரஸும் தொலைபேசி எண் கொடுத்து அழைக்கச் சொல்லாது. அது வெறும் ஓர் இணையப்பக்கம்.

இணையத்தைத் துண்டித்துவிட்டு, அவர்கள் போடச் சொன்ன மென்பொருள் உள்ளே இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரலாகத்தான் இருக்கும். பிறகு இணையத்தைப் போட்டு டிஃபெண்டரை அப்டேட் செய்து முழு ஸ்கேன், அதற்குப் பின் ஆஃப்லைன் ஸ்கேன். பிரௌசர் செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதிக்குப் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். இப்படிப்பட்ட எச்சரிக்கைகள் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

வங்கி விவரம், அட்டை எண், டேக் எண் (வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் ஒருமுறை எண்) எதையாவது சொல்லியிருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே வங்கியை அழையுங்கள், அல்லது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் தடுக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். போலீஸ் புகாரும் கொடுங்கள். பணம் போகாவிட்டாலும் இணையப் பாதுகாப்புப் புகார்களைப் பெறும் சைபர்999-க்குத் தெரிவிக்கலாம்.

‘ஆன்டிவைரஸ் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய அழைக்கவும்’ என்று மின்னஞ்சலில் வரும் ரசீதும் இதே கூட்டத்தின் வேலைதான். தோட்ட வேலையில் முதுகொடிந்து சேர்த்த சேமநிதிப் பணம் எடுத்த கையோடு இருக்கும் பெரியவர்கள்தான் இவர்களின் குறி. வீட்டுப் பெரியவர்களிடம் இதை நேரில் உட்கார்ந்து காட்டுங்கள். அலறும் திரை வந்தால் ‘ஆல்ட்’டும் ‘எஃப் 4’-ம் சேர்த்து அழுத்த வேண்டும், அதுவும் ஆகாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட வேண்டும் என்று இரண்டொரு தரம் அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி தேதியெல்லாம் சரியாக இருக்கிறது. உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று வைரஸ் இல்லாமல் சோதிக்க முடியுமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முடியும். ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு இதற்காகவே 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அது வைரஸ் அல்ல, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்று ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஐகார் தளத்திலிருந்து அதை இறக்கிப் பாருங்கள். இறங்கும்போதே டிஃபெண்டர் பிடித்து, வலது ஓரத்தில் அறிவிப்புக் காட்டினால் வேலை செய்கிறது. சில நேரம் பிரௌசரே தடுத்துவிடும், அதுவும் நல்லதே. எந்தச் சத்தமும் இல்லாமல் கோப்பு டவுன்லோட்ஸில் போய் உட்கார்ந்துகொண்டால், ‘ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன்’ ஆனில் இருக்கிறதா, ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், திரையைப் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.